மூன்றாம் வகை அணைக்குக் கீழே

சிங்கப்பூர் போனவர்களும் லண்டன் போனவர்களும் திரும்பி வந்து எழுதுகிறார்கள். நான் போனது உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் பெரியபள்ளம் என்ற ஓடைக்கரைக்கு. பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. ஆனாலும் லண்டன் போனவர்களில் எத்தனை பேர் அங்கே ஓர் அணையின் தலைமேல் ஏறி நின்றிருப்பார்கள் என்று தெரியவில்லை. நான் நின்றேன். அதனால் எழுதுகிறேன்.

மெட்ராஸ் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சரக்கை எண்ணிக் கட்டி அனுப்பும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். இன்டர்மீடியட் படித்தவன். ஆயுள் முழுக்க டஜன் டஜனாக எண்ணியதால் எதைப் பார்த்தாலும் என் வாய் தானாக எண்ணும். கோயிலுக்குப் போனால் தூண். கல்யாணத்துக்குப் போனால் இலை.

ஒரு நாள் காலை பனியன் வேஸ்ட் வாங்கி விற்கும் காதர் பாய் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். புரட்டாசி மாதம். தெற்கே சரக்கு எடுக்கப் போய்விட்டு வந்திருந்தார்.

“ஏனுங்க, உங்க புள்ளையக் குடுத்த ஊருக்கு மேல ஒரு கரண்டு அணை இருக்குதல்லங்க? அது ஒழுகுதாமா. ஜீப்புல ஆப்பீசருங்க வந்து அளந்துட்டுத் திரியறாங்க.”

“ஒழுகுதுன்னா எப்படி ஒழுகுதுங்க? சொட்டா, ஊத்தா?”

“அதை நான் எண்ணுலீங்க. நீங்க போனா எண்ணிருவீங்க” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஒரே மகள் சரசு அந்த அணைக்கு நேர் கீழே இருக்கிறாள். மாமனார், மாமியார், கணவன், ஆறு வயதில் ஒரு பெண், தொட்டிலில் ஒரு பையன். மழைக்காலம் வாசலில் நிற்கிறது. குழந்தைகளோடு அவளைத் திருப்பூருக்குக் கூட்டிவந்துவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன். மறுநாள் ஒரு குடை, ஒரு துணிப்பை, சம்பந்தி வீட்டுக்காக ஊத்துக்குளி வெண்ணெய் ஒரு டப்பா. கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் எனக்கு டிரைவருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. எஞ்சின் பெட்டி அடுப்பாகக் காய்ந்தது. வெண்ணெய் டப்பாவை மடியில் வைத்தால் மடி சுட்டது. மேலே வைத்தால் உருண்டது. பல்லடம் தாண்டுவதற்குள் அது எண்ணெயாகி, மூடியின் ஓரமாக என் வேட்டியில் இறங்கியது. வண்டியில் நிற்பவர்கள் உட்பட ஐந்து டஜன் பேர் இருந்தோம். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஒரு கிறீச்சொலி கேட்டது. அதைப் பற்றி டிரைவரிடம் விசாரித்தேன். “சத்தம் வந்தா நல்லதுங்க. வராதப்பத்தான் பயப்படோணும்” என்றார்.

பொட்டல் காட்டுக்கு நடுவே ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. கண்டக்டர் இறங்கி ஒவ்வொரு ஜன்னலாகத் தண்ணீர் கேட்டு வந்தார். ஒரு அம்மாள் மடியில் குடம் இருந்தது.

“ஏனுங்கம்மா, அந்தக் கொடத்துல என்னுங்க?”

“மோருங்க.”

“ஊத்துங்க. வண்டி குளுகுளுன்னு போகட்டும்.”

“உங்க வண்டி குடிச்சுட்டா என்ற ஊட்டுக்காரரு என்னத்தக் குடிப்பாரு?”

கடைசியில் பக்கத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் வந்தது. அந்த அம்மாள் இறங்கும்போது எனக்கும் டிரைவருக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்துவிட்டுத்தான் போனார். திருப்பூரில் இப்போது மோர் கேட்டால் எந்தக் கடை என்று வழி சொல்வார்கள்.

கடைசிப் பகுதியை ஒரு காலி லாரியில் போனேன். அது நூல் மில்லுக்குப் பஞ்சு மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பிய வண்டி. இறங்கியபோது என் மீசை, புருவம், குடை எல்லாம் வெள்ளை. பேத்தி என்னைப் பார்த்துவிட்டு, “அம்மா, அப்புச்சி மாதிரி ஆரோ வந்திருக்காங்க!” என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அங்கேயே திரும்பிப் பார்த்தேன். தெற்கே இரண்டு குன்றுகளுக்கு நடுவில், கறுத்த கல்லில், அது நின்றது. ஒரு தென்னைமேல் இன்னொரு தென்னையை நிறுத்தினால் எவ்வளவு உயரமோ அவ்வளவு. சுவரில் மேலிருந்து கீழாக வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். எண்ண ஆரம்பித்தேன். சரசு என் கையைப் பிடித்து இழுத்தாள். “முதல்ல தலையத் தட்டுங்கப்பா. அணை எங்கயும் போகாது.”

அவள் என்னவோ சாதாரணமாகத்தான் சொன்னாள்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துக் குடித்தனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விவசாயக் குடும்பங்களுக்கு ஊருக்குள் ஒரு வீடு இருக்கும். சாமி கும்பிடுவது, கல்யாணம் பேசுவது, கோயில் வரி கட்டுவது எல்லாம் அந்த வீட்டின் பேரில்தான். ஆனால் சமைப்பது, சாப்பிடுவது, தூங்குவது, பிள்ளை வளர்ப்பது எல்லாம் தோட்டத்தில் கட்டிய சாளையில். சம்பந்தியின் ஊர் வீடு ஒரு மைலுக்கு அப்பால் மேட்டில் இருக்கிறது. நல்ல ஓட்டு வீடு. வருடத்தில் நோம்பி, திருவிழா நாட்கள் தவிர மற்ற நாட்களில் அதில் பூட்டு தொங்கும். சாளை பள்ளத்தின், அதாவது ஓடையின், கரையில் இருக்கிறது. அவர்களைப் போலவே மற்றவர்களும் பள்ளத்தோரமாக வரிசையாகச் சாளை போட்டிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் அரிசி மாவில் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும் பரிமாறினார்கள். சம்பந்தி என்னைவிட நான்கு வயது இளையவர். குரல் மட்டும் பத்து வயது மூத்தது. நான் அணையைப் பற்றி வாயைத் திறந்ததும் கையை உயர்த்தினார்.

“பயப்படவே வேண்டீதில்லீங்க சம்மந்தி. ஆப்பீசருங்க பழைய அணை எல்லாத்தையும் மூணு வகையாப் பிரிக்கறாங்க. மொத வகைதான் ஆபத்து. நம்முளுது மூணாம் வகை. கடேசி.”

எனக்கு உயிர் வந்தது. நான்காவது தடவையாகச் சந்தகை வாங்கிக்கொண்டேன். சரசுவைக் கூட்டிப்போகும் பேச்சையே எடுக்கவில்லை.

இருந்தாலும் கண்ணால் பார்க்காமல் இருக்க முடியுமா? மறுநாள் குடையை எடுத்துக்கொண்டு அணைக்கு நடந்தேன். ஆய்வுக்கு வந்திருந்த சர்க்கார் இன்ஜினீயர் அடிவாரத்தில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடுத்தர வயது, திருநெல்வேலிக்காரர். ஒரு வாரமாகப் பேச்சுத் துணை இல்லாமல் இருந்தவர் போலும். நான் ஒரு கேள்வி கேட்டதற்கு அணையையே சுற்றிக் காட்டிவிட்டார்.

அப்பப்பா, என்ன காட்சி! அந்த அணையை ஒரு நூல் மில் தன் சொந்த மின்சாரத்துக்காகக் கட்டியிருந்தது. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தைய வருடம் முடித்த வேலையாம். சிமெண்டு இல்லை, கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். மின்நிலையத்துக்குள் நுழைந்தபோது தரை என் செருப்புக்கடியில் அதிர்ந்தது. இரண்டு இயந்திரங்கள், யானைக்கன்று போலக் குந்திக்கொண்டு உறுமின. பொறுப்பாளர் பாலக்காட்டுப் பக்கத்து மலையாளி. அவர் மலையாளத்தில் கூவியதைத் தமிழில் தருகிறேன்: “இவை ஓடத் தொடங்கிய அன்று என் மூத்த அண்ணன் இங்கே வேலைக்குச் சேர்ந்தார். அவருக்குப் பல் போய்விட்டது, இவற்றுக்குப் போகவில்லை!”

இந்தத் தண்ணீர் அந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்தக் கரண்டு மில்லை ஓட்டுகிறது. அந்த மில் நூல் திருப்பூருக்கு வந்து பனியனாகிறது. நான் அந்த நேரத்தில் போட்டிருந்த பனியனும் அந்த நூல்தான்! எத்தனை ஆயிரம் டஜனை எண்ணிக் கட்டியிருப்பேன், அது எங்கே தொடங்குகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. சட்டையைத் தூக்கி இன்ஜினீயருக்குப் பனியனைக் காட்டினேன். அவரும் மரியாதையாகப் பார்த்தார்.

வெள்ளைக் கோடுகளைக் காட்டிக் கேட்டேன்.

“அது சுண்ணாம்பு கரைஞ்சு வடியுது அண்ணாச்சி. பழைய கல் அணைன்னா கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிவு கூடுதா, கலங்கி வருதா, அதைத்தான் பாக்கணும். இங்க தெளிவா வருது. எனக்கு அது கவலை இல்ல.” மேலே கையை நீட்டினார். “அந்த ஷட்டரைப் பாருங்க. எட்டுல ரெண்டு துருப்பிடிச்சு நின்னுபோச்சு. பெருமழையில வெள்ளம் வந்தா தண்ணிக்கு வழி பத்தாது. மேல ஏறிப் பாயும். அதுதான் கவலை.”

“இருந்தாலும் மூன்றாம் வகைதானே?”

“வகைங்கது அணைக்குப் போடுத மார்க்கு இல்ல அண்ணாச்சி. இந்த அணை போனா கீழ என்ன போகும்ங்கத கணக்கு அது. கீழ ஊரு இருந்தா முதல் வகை. ரோடு, பாலம்னா ரெண்டாம் வகை. வெறும் தோட்டம், ஆள் இல்லாத கொட்டகைன்னா மூணாம் வகை. இங்கதான் கீழ ஆளே இல்லையே.”

“என் மகள் இருக்கிறாளே!” என்று கத்திவிட்டேன். குன்றில் பட்டு என் குரல் திரும்பி வந்தது.

அவர் கையிலிருந்த இட்லிப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். மேட்டு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லாக் குடும்பத் தலைவர்களையும் வரவழைத்து, உங்கள் வீடு எங்கே என்று ஒவ்வொருவராகக் கேட்டார்களாம். எல்லாரும் வீடு ஊருக்குள் என்றே சொல்லியிருக்கிறார்கள். பள்ளத்தோரம் இருப்பது சாளை என்றார்களாம். பகலில் வந்து பார்த்தபோது ஆளெல்லாம் காட்டு வேலைக்குப் போயிருக்க, மாடுதான் கட்டியிருந்ததாம். கொட்டகை என்று எழுதிவிட்டார்கள்.

நான் விளக்கினேன். எங்கள் ஆட்களிடம் வீடு எங்கே என்று கேட்டால் சாகும்வரை ஊர் வீட்டைத்தான் சொல்வார்கள். அது பொய்யல்ல. சாளையை வீடு என்று சொன்னால் ஊரில் வீடில்லாதவன் என்று ஆகிவிடும். அந்த அவமானத்தை எவன் வாங்கிக்கொள்வான்?

இன்ஜினீயர் விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். முதல் வகை என்றால் வருடா வருடம் சோதனை. கீழே எச்சரிக்கைச் சங்கு, டெலிபோன். ஷட்டர்களை உடனே பழுது பார்க்க வேண்டும். அது முடியும்வரை தண்ணீரைப் பத்து அடி குறைத்தே வைத்திருக்க வேண்டும்.

“பத்து அடின்னா, தை மாசத்துல இந்த அணையிலருந்து போத வாய்க்காலுக்குத் தண்ணி வராது. பருத்திக்காரங்களுக்குக் கஷ்டம்தான். நாளைக்கு நானே நேர்ல வந்து கேக்கேன். அவுங்க இங்கதான் இருக்கோம்னு சொல்லணும். நீங்க போய்ப் பேசிப் பாருங்க.”

போன வேகத்தில் திரும்பினேன். வழியில் குடையை எங்கே விட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

சம்பந்தி அப்போதுதான் காட்டிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். துண்டால் முகத்தை மெதுவாகத் துடைத்தார்.

“பருத்தி மொளச்சு ரெண்டு எலை வுட்டிருக்குதுங்க. தை மாசம் தண்ணி இல்லீன்னா காயே புடிக்காது. நீங்க பஸ்ஸேறித் திருப்பூரு போயிருவீங்க. தண்ணி எங்குளுக்கல்லங்க கொறையும்?”

“உயிருங்க சம்மந்தி!”

“அந்த அணை எனக்கு மீசை மொளச்ச நாள்லருந்து நிக்குதுங்க. நாளைக்கு வந்து கேட்டாலும் ஊடு ஊருக்குள்ளன்னுதான் சொல்லுவனுங்க. பொய்யில்லீங்களே.”

“அங்கே பூட்டல்லவா தொங்குகிறது!”

“பூட்டு தொங்குனா ஊடு இல்லீன்னு ஆயிருமா? உங்க பனியன் கம்பெனிக்கும் ஞாயித்துக்கெழமை பூட்டுத்தான் தொங்குது.”

அரிசிம்பருப்புச் சோற்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். நெய் மணத்தது. அன்று எனக்கு எத்தனை கவளம் உள்ளே போனது என்று எண்ணத் தோன்றவில்லை.

சரசு மாட்டுக்குத் தீவனம் போடப் போனாள். பின்னாலேயே போய், “கிளம்பு, குழந்தைகளோடு திருப்பூர் போகலாம்” என்றேன்.

“நான் வந்து அங்க உக்காந்துட்டா எருமைய ஆரு கறப்பாங்க? உங்க சம்மந்திய அது கிட்டயே சேத்தாது” என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ஐப்பசி மழையில பள்ளத்துச் சத்தம் கூடுச்சுன்னா நான் புள்ளைக ரண்டையும் எழுப்பி மடியில வெச்சுட்டு உக்காந்துக்குவனுங்கப்பா. விடியறவரைக்கும். மாமாவுக்கு அது தெரியாது.”

“சொல்லியிருக்கலாமே.”

“என்னன்னு சொல்லுவேன்? பயமா இருக்குதுன்னா, எதுக்குப் பயம்னு கேப்பாங்க. சத்தத்துக்குன்னு சொல்ல முடியுமா?”

மறுநாள் விடியும் நேரத்தில், ஆட்கள் காட்டுக்குப் போகுமுன் பார்க்க வேண்டும் என்று இன்ஜினீயர் ஜீப்பை அனுப்பி என்னை அணையின் உச்சிக்கு வரவழைத்தார். ஒரு பக்கம் விளிம்புவரை நிறைந்து அசையாமல் நிற்கும் தண்ணீர். மறுபக்கம், காலுக்குக் கீழே பனிமூட்டம். நடுவில் ஒரு வண்டி போகும் அகலத்துக்குக் கல் பாதை, அதன்மேல் நாங்கள் இருவரும். விளிம்புப் பக்கம் போகாமல் பாதையின் நடுவிலேயே நின்றேன். ஆனால் அந்த இடத்தை விட்டு வர மனமில்லை.

சூரியன் ஏற ஏற மூட்டம் விலகியது. பள்ளத்தின் இரண்டு கரையிலும் புகை எழும்ப ஆரம்பித்தது. இங்கே ஒன்று, அதோ ஒன்று, புளிய மரத்துக்குப் பின்னால் ஒன்று. ஒவ்வொரு சாளையிலும் அடுப்பு மூட்டிவிட்டார்கள். நான் உரக்க எண்ணினேன். இன்ஜினீயரும் கூடவே எண்ணினார். முப்பத்தொன்று! மேட்டு ஊரைத் திரும்பிப் பார்த்தோம். அங்கே ஐந்தே ஐந்து புகை.

“மாடு காப்பி போடாதுல்லா” என்றார் இன்ஜினீயர்.

சம்பந்தி என்ன சொல்லப்போகிறார் என்பதை அவரிடம் சொன்னேன். வீடு எங்கே என்று கேட்காதீர்கள், வேறு விதமாகக் கேளுங்கள் என்றும் சொன்னேன். தலையாட்டினார். ஜீப்பில் இறங்கினோம்.

சாளை வாசலில் சம்பந்தி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்கம்பக்கத்துச் சாளைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் அவருக்குப் பின்னால் நின்றார்கள். ராத்திரியே சொல்லி வைத்திருப்பார் போலும். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அத்தனை பேரும் அதையே சொல்வார்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. சரசுவின் மாமியார் எல்லாருக்கும் காபி கொடுத்தார். இன்ஜினீயர் குடித்து முடித்து டம்ளரைக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார்.

“ஐயா, நேத்து ராத்திரி எங்க படுத்திருந்தீய?”

சம்பந்தி வாயைத் திறந்தார். ஊடு என்ற சொல் நாக்குவரை வந்துவிட்டது. கேள்வி அதுவல்ல என்று தெரிந்ததும் அப்படியே நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் என் பரம்பரை முழுவதும் திட்டு வாங்கியது. பிறகு வாய்க்கால் பக்கம் பார்த்தார். இரண்டிலைப் பருத்தி, வரிசை வரிசையாக, வெயிலில் நின்றது.

உள்ளே உத்தரத்தில் தொட்டில் கட்டியிருந்தது. குழந்தை சிணுங்கியது. சரசு தொட்டிலை ஓர் ஆட்டு ஆட்டினாள். கயிறு கிறீச்சிட்டது. வாசல்வரை கேட்டது.

சம்பந்தி தொண்டையைச் செருமினார்.

“இங்கத்தானுங்க. தொட்டல்ல இருக்கறதோட சேத்தி ஆறு பேரு.” பிறகு என் பக்கம் கையை நீட்டினார். “ஒறம்பரைய எழுத வேண்டீதில்லீங்க. அவரு வந்த வேலை முடிஞ்சுது, போயிருவாரு.”

பின்னால் நின்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அதோடு கட்டு அவிழ்ந்தது. “எங்க சாளையில ஒம்பது பேருங்க.” “நாங்க நாலு, என்ற மச்சான் மூணு.” “எங்கம்மாவைச் சேத்தறதா? அவங்க பாதி நாள் தங்கச்சி ஊட்ல.” இன்ஜினீயர் எழுத, நான் கூட்ட, உச்சி வெயிலுக்குள் கரை முழுவதும் சுற்றி முடித்தோம். கூடக்குறையப் பதினான்கு டஜன் உயிர்கள். என் ஆயுளில் நான் எண்ணிய சரக்கிலேயே இரண்டு தடவை சரிபார்த்து எண்ணியது அதுதான்.

நான் உடனே போய்விடவில்லை. ஒறம்பரையை, அதாவது வீட்டுக்கு வந்த விருந்தாளியை, போ என்று சொல்ல எங்கள் பக்கத்தில் ஆளில்லை. இன்ஜினீயர் மேலிடத்தில் பேசினார். மில்காரர்கள் முகத்தைச் சுளித்துவிட்டுச் சரி என்றார்கள். சில நாள் கழித்துத் தண்டோராக்காரர் வந்தார். அதுவரை மேட்டு ஊரில் மட்டும் அடித்துவிட்டுப் போகிறவர், அன்று சாளை சாளையாக நடந்தார். அணையைத் திறக்கப் போகிறார்கள், மாட்டை மேலே கட்டுங்கள், பிள்ளைகளைப் பள்ளத்தில் இறங்க விடாதீர்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார். பேத்தி அவர் பின்னாலேயே பறையின் தாளத்துக்குக் குதித்துக்கொண்டு போனாள்.

தேர் பார்க்க வருவது போல ஜனம் வந்தது. மேட்டில் நின்றோம். முதலில் ஒரு ஷட்டர் கையளவு உயர்ந்தது. வெள்ளைத் துணியை உதறி விரித்தது போலத் தண்ணீர் இறங்கியது. பிறகு இரண்டாவது, மூன்றாவது. ஆறாவது திறந்தபோது பேசுகிறவர்களின் வாய் அசைவதுதான் தெரிந்தது. சாரல் எங்கள் முகத்தில் அடித்தது. பள்ளம் கரையளவு நிறைந்து, சாளைகளைத் தொடாமல், மண் நிறத்தில் வடக்கே ஓடியது. நான் கையைத் தட்டினேன். என்னை அறியாமல் விசில்கூட அடித்தேன் என்று சரசு சொல்கிறாள், நான் நம்பவில்லை.

சம்பந்தி பக்கத்தில் வந்து நின்றார். துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். என் காதருகே குனிந்து, அந்த இரைச்சலுக்கு மேலாகச் சொன்னார்:

“அதா போகுது பாருங்க சம்மந்தி, என்ற பருத்தி.”

நான் பதில் சொல்வதற்குள் திரும்பி, கூட்டத்தில் மகனைத் தேடிப் பிடித்து, விதைக்காமல் கிடக்கும் மேற்கால மானாவாரிக் காட்டுக்கு எத்தனை வள்ளம் விதைச் சோளம் வேண்டும் என்று கத்திக் கேட்க ஆரம்பித்தார்.